சாப்பல் ஆராதனையில் பிரசங்கத்துக்கு மனசுக்குள் மார்க் போடும் பழக்கத்தை எப்படி விடுவது?

கேள்வி: இரண்டாம் வருட மாணவன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அமெரிக்காவில் ஒரு பாப்டிஸ்ட் செமினரியில் (போதகர்களைப் பயிற்றுவிக்கும் இறையியல் கல்லூரி) எம்.டிவ். என்ற ஊழியப் பட்டப்படிப்பு இரண்டாம் வருடம் படிக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வாரத்தில் இரண்டு நாள் காலையில் வகுப்பு எதுவும் வைக்காமல் எல்லோரும் சாப்பலுக்கு, அதாவது கல்லூரி ஆலய ஆராதனைக்குப் போவோம். இரண்டு மூன்று பாட்டு, ஒரு ஜெபம், வேதவாசிப்பு, அப்புறம் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிரசங்கம். முதல் வருடம் ஒவ்வொரு சாப்பலும் எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

பிரசங்கக் கலை வகுப்பு தொடங்கியதிலிருந்துதான் பிரச்சினை. போன வாரம் வந்த போதகர் லூக்கா 15-ல் இளைய குமாரன் பகுதியை எடுத்தார். நான் நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்து, முன்னுரை ஆறு நிமிடம், அது அதிகம், இரண்டாவது குறிப்பு வேதபகுதியிலிருந்து வரவில்லை, நடைமுறைப் பயன்பாடு பலவீனம் என்று எழுதிக்கொண்டே போனேன். ஜெபத்துக்கு எழுந்தபோதுதான் பார்த்தேன், பக்கத்தில் நின்ற கொரியா நாட்டு நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கேட்டது ஒரே பிரசங்கம்தான். தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்ட இடத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இறையியல் படித்தவர்கள், ஊழியத்தில் இருப்பவர்கள் இதைத் தாண்டி வந்திருப்பீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: கிராமத்துப் போதகர்

தம்பி, இது உனக்கு மட்டும் வந்தது இல்லை. நான் படித்தது நம் நாட்டில்தான். அங்கே கடைசி வருட மாணவர்கள் முறைபோட்டு சாப்பலில் பிரசங்கம் பண்ணவேண்டும், ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தாளில் மார்க் போடுவார். குரல், கண்பார்வை, வேதபகுதி விளக்கம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். அந்தத் தாள் என் தலைக்குள் ஏறிவிட்டது. ஊருக்கு வந்து சபை நடத்த ஆரம்பித்த பிறகும், கன்வென்ஷனுக்குப் போனால் பேசுகிறவருக்கு மார்க் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு உதவின ஒரே காரியம், நோட்டை அறையிலேயே வைத்துவிட்டு வேதாகமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. என்ன பகுதி என்று முன்னாலேயே அறிவித்திருந்தால் அதை முந்தின நாள் இரவு தமிழில் சத்தமாக வாசித்துவிடு. நமக்கு ஜெபமும் அழுகையும் வருவது அந்த மொழியில்தானே. பிரசங்கியார் தடுமாறினாலும் வசனம் உன்னிடம் பேசியிருக்கும். அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுப் போ. யாருக்காக ஜெபித்தோமோ அவருக்கு மார்க் போடக் கை வராது, இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பதில் 2: சபைச் சரித்திரம் படிப்பவன்

பிரதர், நீங்கள் வகுப்பில் படிக்கும் பிரசங்கக் கலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஒருவேளை உதவும். அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகளின் முதல் செமினரி 1859-ல் தென் கரோலினாவில் கிரீன்வில் ஊரில் நான்கே ஆசிரியர்களோடு தொடங்கியது (1877-ல்தான் கென்டக்கியில் உள்ள லூயிவில்லுக்கு மாறியது). அந்த நால்வரில் ஒருவர் ஜான் பிராடஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரால் மூடிக்கிடந்த செமினரியை 1865-ல் திரும்பத் திறந்தபோது மொத்தம் ஏழு மாணவர்கள்தான் வந்தார்கள். பிரசங்க வகுப்புக்கு வந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் கண் தெரியாது. புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படித்துக்கொள் என்று சொல்ல வழியில்லை, எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். பிராடஸ் அந்த ஒருவருக்காகவே பாடம் முழுவதையும் ஒழுங்காகத் தயாரித்துச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் 1870-ல் புத்தகமாக வந்து, தலைமுறை தலைமுறையாக செமினரிகளில் பாடநூலாக ஓடியது.

யோசித்துப் பாருங்கள், முன்னுரை, குறிப்பு, உதாரணம் என்று நாம் படிக்கிற முறைக்குப் பின்னால் இருப்பது பார்க்க முடியாத ஒரு மனிதர் கேட்டுப் புரிந்துகொள்ளவேண்டும் என்ற கரிசனை. இந்தக் கலை கேட்கிறவனுக்காகத்தான் வந்தது. 1895-ல், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எடுத்த வகுப்பில், பிராடஸ் தம் மாணவர்களிடம் அப்போஸ்தலர் 18:24-ல் வரும் பிரசங்கி அப்பொல்லோவைக் காட்டி, வேதாகமங்களில் வல்லவர்களாக இருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பேச்சில் வல்லவனாக இரு என்று அவர் கேட்கவில்லை. இத்தனைக்கும் அப்பொல்லோ சாதுரியவான் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது.

பதில் 3: பெரோயா ஊரான்

எனக்கு இதில் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. ஆராய்ந்து கேட்பது பாவம் மாதிரி பேசவேண்டாம். செமினரியில் யார் வேண்டுமானாலும் வந்து என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போக, நாம் ஆமென் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பவுலின் பிரசங்கத்தைக் கேட்ட பெரோயா பட்டணத்தாரை வேதம் பாராட்டுகிறதே? ஆனால் அப்போஸ்தலர் 17:11-ஐ மெதுவாக வாசியுங்கள். "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு" என்பது முதலில் வருகிறது, அதற்கு அப்புறம்தான் "ஆராய்ந்துபார்த்ததினால்". அவர்கள் ஆராய்ந்தது "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று, பவுலின் முன்னுரை எத்தனை நிமிடம் என்று இல்லை. நீங்கள் நோட்டில் எழுதியதில் "இரண்டாவது குறிப்பு வேதபகுதியிலிருந்து வரவில்லை" என்பது பெரோயா வேலை, அதை விடாதீர்கள். மற்ற இரண்டும் வகுப்பறை வேலை. பிரசங்கத்தைப் பிரித்துப் பார்க்க வகுப்பு இருக்கிறது, அங்கே எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

பதில் 4: சென்னை விசுவாசி

செமினரி படித்தவள் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பதில் 2-ல் வந்த அதே செமினரியின் சாப்பலில், லூயிவில்லில், 1961 ஏப்ரல் 19 அன்று, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசினார். அவரும் பாப்டிஸ்ட் போதகர், குரோசர் என்ற பாப்டிஸ்ட் செமினரியில் படித்தவர். அங்கே பிரசங்க அமைப்புகளுக்குப் பெயரே வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஏணி மாதிரி படிப்படியாக ஏறுவது ஒன்று, ஒரே கருத்தை ரத்தினத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதுபோலக் காட்டுவது இன்னொன்று. கலையை அவ்வளவு நுணுக்கமாகப் படித்த மனிதர்தான்.

ஆனால் அன்று அவரை லூயிவில்லுக்குக் கூப்பிட்டதற்காகத் தெற்கே பல சபைகள் செமினரிக்குக் காணிக்கை அனுப்புவதை நிறுத்தின. அந்த செமினரியைத் தொடங்கிய நால்வருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள், நால்வருக்கும் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல், இதை 2018-ல் செமினரியே அறிக்கையாக வெளியிட்டது. பிராடஸும் அந்த நால்வரில் ஒருவர்தான் என்பதால் பதில் 2-ஐ வாசிக்கும்போது எனக்கு வலித்தது. கண் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு பாடுபட்டவருக்குத் தன் வீட்டில் வேலை செய்த மனிதரின் அடிமை விலங்கு தெரியாமல் போயிருக்கிறது. தம்பி, பிரசங்கம் நன்றாக இருந்ததா என்று கேட்கிற நேரத்தில், இது என்னிடம் எதைக் கேட்கிறது, நான் எதைக் கொடுக்க மறுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உட்காருகிறேன், எல்லா வாரமும் முடிவதில்லை.

கேள்வி கேட்டவர்: இரண்டாம் வருட மாணவன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நோட்டு இல்லாமல் போனேன். ஆபகூக் 3-ஆம் அதிகாரம். முந்தின இரவே தமிழில் வாசித்திருந்தேன், "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்ற இடம் வந்ததும் அம்மாவின் குரல்தான் கேட்டது. மழை பொய்த்த வருடம் அப்பா கடன் வாங்கப் போயிருந்தபோது, அடுப்படியில் நின்று அந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பலில் பாதியில் பழைய புத்தி வந்தது, முதல் குறிப்பு நீளமாகப் போகிறதே என்று. கையை அந்தப் பக்கத்தின் மேலே வைத்துக்கொண்டு போதகருக்காக ஜெபித்தேன், அதற்கப்புறம் கொஞ்சம் கேட்க முடிந்தது. மூன்று குறிப்புகளில் மூன்றாவது என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு ஒன்பது மணி இருக்கும், அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், என்னடா இந்த நேரத்தில் என்றார்கள்.

பெரோயா அண்ணன் சொன்னது சரிதான், வகுப்பு நோட்டைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். அடுத்த சாப்பலுக்கு ரோமர் 8 என்று அறிவித்திருக்கிறார்கள், இன்று இரவு வாசிக்கத் தொடங்குகிறேன்.