பௌர்ணமியில் கிடைக்காத நிலா

என்னிடம் இருப்பது 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மி.மீ. முதல் படத்தைப் பௌர்ணமியன்றுதான் எடுக்க வேண்டும் என்று பத்து நாள் காத்திருந்தேன். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) கைப்பேசியை ஒட்டிப் பிடித்து எடுத்த முப்பது படங்களிலும் வெறும் வெள்ளை வட்டம். கண்ணுக்குக் கருந்திட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன, படத்தில் எதுவுமே இல்லை. கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

கோளாறு கேமராவின் கணக்கில். நிலாவில் நாம் பார்ப்பது வெயிலில் கிடக்கும் பாறை. கேமராவோ சுற்றியுள்ள கறுப்பு வானத்தையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் போதாது என்று கூட்டிவிடுகிறது. புரோ மோடில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 100க்கு இறக்கி, ஷட்டரை 1/500, 1/1000 என்று வேகமாக்கிக்கொண்டே போனேன். டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் திரையில் மெல்ல எழுந்து வந்தன. அந்த நிமிடத்தை மறக்கவே முடியாது.

ஆனாலும் படம் தட்டையாகத்தான் இருந்தது. பௌர்ணமியில் வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாளில் எடுங்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டி டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கெல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக நிற்கும். நிழல் அவற்றின் விளிம்புகளைச் செதுக்கிக் காட்டும்.

திரையைத் தொட்டாலே படம் ஆடும். கைப்பேசியை ஐபீஸோடு பிணைக்கும் அடாப்டரில் பொருத்தி, 3 நொடி டைமர் வையுங்கள். மோட்டார் இல்லாத டாப்சோனியனில், பூமி சுழல்வதால் இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும்; ஓரத்தில் நிறுத்தினால் தானே நடுவுக்கு வரும். குழாயை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள், சூடு ஆறாவிட்டால் உருவம் நெளியும். நிலா உச்சிக்கு ஏறும்வரை பொறுப்பதும் நல்லது.

என் படங்களை உண்மையில் மாற்றியது வீடியோதான். காற்றின் நடுக்கம் ஒரு நொடி அடங்கும், மறு நொடி கலைக்கும். அரை நிமிட வீடியோவில் சுமார் 900 சட்டகங்கள். ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற மென்பொருள் அவற்றில் கூர்மையானவற்றைப் பொறுக்கி அடுக்கித் தந்தபோது, அர்சாக்கெலின் நடுச்சிகரம் தனியாகத் தெரிந்தது.

அடுத்த குறி நேர்ச்சுவர், நிலாவின் தரையில் சுமார் 110 கி.மீ. நீளக் கோடாகத் தெரியும் சரிவு. இந்த எட்டாம் பிறையில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டு முயலப் போகிறேன். யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால், எந்த ஷட்டரில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.