நார்ஈஸ்டர் வருதாம், ஸ்னோவா மழையா?

கேள்வி: நியூயார்க் பக்கம் கரையோரமா நார்ஈஸ்டர்ங்கற வடகிழக்கு காத்துப் புயல் வருதாம். ஒரு வானிலை கம்ப்யூட்டர் மாடல் ஒரு அடி ஸ்னோங்குது, இன்னொன்னு வெறும் மழைங்குது, இன்னும் நாலு நாள் இருக்கு, எதைங்க நம்பறது?

பதில் 1: இப்பவே இஞ்ச் கணக்கு பாக்காதீங்க, புயல் போற பாதை (டிராக்) மட்டும் பாருங்க. லோ சென்டர், அதாவது புயலோட காத்தழுத்தம் குறைஞ்ச நடுப்பகுதி, கடல்ல 40 டிகிரி வடக்கு 70 டிகிரி மேற்கு பக்கம் போனா ஊருக்குள்ள நல்ல ஸ்னோ, கரைய ஒட்டி வந்தா கடல்காத்து சூடு ஏத்தி மழையாக்கிடும், ரொம்ப வெளிய போச்சுன்னா ஒண்ணுமே இருக்காது. 50 மைல் நகர்ந்தாலே கதை மாறிடும்.

பதில் 2: 2015 ஜனவரி மறந்துட்டீங்களா? ரெண்டடி வரும்னு சப்வேயே நிறுத்துனாங்க, சென்ட்ரல் பார்க்ல 10 இஞ்ச் கூட தேறல. பாஸ்டன்தான் ரெண்டடிக்கு மேல வாங்குச்சு.

பதில் 1: அதேதான். மாடலோட ஒரே ரன்னை (ஒரு தடவ போட்ட கணக்கை) நம்பாம, கொஞ்சம் கொஞ்சம் மாத்தி பல தடவ ஓட்டுன என்செம்பிள் பாருங்க.

பதில் 3: எல்லாரும் புயலையே பேசுறீங்க, எனக்கு மறுநாள்தான் பயம். பின்னாடியே வடமேற்கு காத்து வந்து, ஈரமா கெடந்த ரோடெல்லாம் ராத்திரில பிளாக் ஐஸ்ங்கற மெல்லிசான ஐஸ் படலம் ஆயிடும், கண்ணுக்கே தெரியாது.

கேட்டவர்: சரி, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாக்கறேன்.