மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் துகள் பிரித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

காரைக்குடி, ஆராய்ச்சி மாணவி:

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்பது முடியளவு மெல்லிய வாய்க்கால்களில் (சேனல்) திரவம் ஓடும் சின்னத் தகடு. அதில், ஒரு சொட்டுத் திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களை அளவுவாரியாகப் பிரிப்பதுதான் இப்போது என் வேலை. நடுவில் வடிகட்டி எதுவும் கிடையாது. 2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்ட தூண் வரிசை முறையைப் பின்பற்றுகிறோம். சேனல் நெடுக நுண்தூண்கள் நிற்கும். ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையை விட்டுச் சற்றே பக்கவாட்டில் தள்ளியிருக்கும். இவ்வளவு குறுகலான வழியில் திரவம் சுழித்துக் கலக்காது, இழை இழையாக ஓடும். சின்னத் துகள் தன் இழையோடு நெளிந்து ஓட்டத்தின் போக்கிலேயே போய்விடும். பெரியது இழைக்குள் அடங்காததால், ஒவ்வொரு தூணும் அதை ஒரே பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போகும்.

தூண்களுக்கிடையே 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வரிசைக்கு வரிசை விலகல் பத்தில் ஒரு பங்கு என்றால், சின்னது பெரியது என்று பிரிக்கும் எல்லை சுமார் 4.6 மைக்ரானில் விழும். 3 மைக்ரான், 6 மைக்ரான் பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) மணிகளைக் கலந்து விட்டேன். உள்ளே போகும்போது ஒரே கலங்கல். சேனலின் கடைசியில் இரண்டு தனிக் கோடுகள்! பக்கத்து மேசையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். பிரிபடும் துகள் இடைவெளியைவிடச் சின்னதாகவே இருப்பதால், சல்லடைபோல் உடனே அடைத்துக்கொள்வதில்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அதுவே பெரிய காரணம்.

சிப் வார்ப்பது தனி ருசி. சிலிக்கான் தகட்டில் செய்த அச்சின்மேல் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் திரவத்தில் பத்துக்கு ஒன்று என்று இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றி, குமிழ் எடுத்து, சூட்டில் இறுக வைத்து உரிப்போம். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் கலர் சிமென்ட் ஊற்றி டைல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடியின் வழவழப்பு டைலில் இறங்குவதுபோல, அச்சின் ஒவ்வொரு பள்ளமும் ரப்பரில் தூணாக எழும். அச்சில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் அதுவும் சேர்ந்தே பதியும்.

அடுத்து ரத்தம் விட்டுப் பார்க்கப் போகிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர்:

தங்கச்சி, மணியை நம்பி ரத்தத்தைக் கணக்குப் போடாதீங்க. ஒரு பயிற்சியில் இதே மாதிரி சிப்பில் ரத்தத்தை நன்றாக நீர்க்கச் செய்து ஓட்டினோம். சிவப்பணு 8 மைக்ரான் அகலமாச்சே, பெரியதோடு ஒதுங்கும் என்று எதிர்பார்த்தோம். அது சின்னதோடு போனது. சிவப்பணு தட்டு மாதிரி, கனம் 2 மைக்ரான் சொச்சம்தான். சேனல் ஆழமாக இருந்தால் திரும்பி நின்றுகொள்ளும், தூணுக்குத் தெரிவது அந்தக் கனம் மட்டுமே. சேனல் ஆழத்தைக் குறைத்தால் திரும்ப இடமில்லாமல் படுத்தபடி போகும், அப்போது அகலம் கணக்குக்கு வரும்.

இந்தக் குணத்தை வைத்தே 2011-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், தூக்க நோய் தரும் ஒட்டுண்ணியை ரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள். நான் நாள் முழுக்க சென்ட்ரிஃபியூஜில் டியூப் சுற்றுகிறவன். விரல் நுனி ரத்தம் போதும், இவ்வளவு பெரிய சுழல் மெஷின் வேண்டாம் என்கிற வேலை இது. எங்களைப் போன்ற சின்ன ஊர் லேபுக்கு எப்போது வருமோ என்று ஆசையாகக் காத்திருக்கிறேன்.

பள்ளத்தூர், இப்போது வெளியூரில் வேலை:

அண்ணன் சொன்னது சரி. நான் சுருள் சேனல்காரன், தூணே கிடையாது. குழாயில் ஓடும் துகள்கள் மையத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஆரத்தில் சுமார் 0.6 பங்கில் ஒரு வளையமாகக் கூடுவதை செக்ரே, சில்பர்பெர்க் இருவரும் 1961-இல் காட்டினார்கள். சேனலைச் சுருளாக வளைத்தால் குறுக்குவாட்டில் சுழலும் ஓட்டமும் சேர்ந்து, பெரியவை உள்சுவர்ப் பக்கம் வரும். இதற்கு வேகம் வேண்டும், தூண் சிப்புக்கோ நிதானம் வேண்டும். சாம்பிள் மில்லிலிட்டர் கணக்கில் இருந்தால் சுருள், சொட்டுக் கணக்கில் இருந்தால் தூண் என்பது என் கட்சி.

எந்த சிப்பானாலும் குமிழிதான் எமன். முதலில் ஆல்கஹால் விட்டு நனைத்து, பிறகு பஃபர் (செல்லுக்கு ஏற்ற உப்புக் கரைசல்) விடுங்கள். அல்புமின் என்ற புரதம் பூசினால் சேனலின் சுவரில் செல்கள் ஒட்டுவது குறையும். ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ டியூபில் எடுங்கள், சேனல் ஆழம் எவ்வளவு என்று இங்கே போடுங்கள், சிவப்பணு எந்தப் பக்கம் போகும் என்று சேர்ந்து பார்ப்போம்.