கைரோனுக்குள் இருப்பது பென்ஸ் எஞ்சினா?

வத்தளை வாத்தியார் (இரவு 8.42)
இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது. தெகிவளையில் ஒரு தங்கச்சி, கொரியாவின் சங்யொங் கம்பனி செய்த 2008 கைரோன் ஜீப் ஒன்று 45 இலட்சத்துக்கு வருகிறது, மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உள்ள குடும்பத்துக்குச் சரிவருமா என்று கேட்டிருந்தா. அதற்கு டீசல் மாமா எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "கண்ணை மூடிக்கொண்டு வாங்கம்மா. வெளியே கொரியா, உள்ளே பென்ஸ். கைரோன் வாங்கினவன் பென்ஸ் வாங்கினவன்."

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். கைரோனின் நாலு சிலிண்டர் டீசல் 1998 சிசி. அந்தக் காலத்து பென்ஸின் நாலு சிலிண்டர் டீசல், ஓஎம் 611, 2148 சிசி. மிச்சம் 150 சிசி எங்கே போனது? அதைச் சொல்லிவிட்டுப் பிறகு பென்ஸ் என்று சொல்லட்டும்.

டீசல் மாமா (8.57)
வாத்தியார் வண்டி ஓட்டுகிறவரா, சிசி எண்ணுகிறவரா? சங்யொங்கும் டெய்ம்லர் பென்ஸும் கைகோத்தது 1991இல். 1993இல் முசோ வந்தது பென்ஸ் எஞ்சினோடு. அந்த வம்சத்தில் வந்ததுதான் கைரோன். மகன் அப்பனைவிட இரண்டு அங்குலம் கட்டை என்றால், அவன் மகனே இல்லை என்பீர்களா?

11 வருடமாக ஓட்டுகிறேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து பேரும் சாமானும் ஏசியும் போட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள், எஞ்சினே பேசும். பென்ஸ்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெகிவளை அக்கா (9.05)
கேட்டது நான்தான். எஞ்சின் யாருடையது என்று நான் கேட்கவில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம், ஏறி இறங்க வசதியா? பின் சீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கலாமா? எங்கள் தொடர்மாடிக் கேற் ஒடுக்கம், வண்டி உள்ளே போகுமா? இவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தைப் பொடியன் (9.16)
அக்கா, அகலம் 1880 மில்லிமீற்றர், நீளம் 4660. கண்ணாடி இதில் சேராது. முதலில் கேற்றை அளந்து பாருங்கள். மாமிக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுக்க வேண்டிவரும், இது ஸேஸி என்ற அடிச்சட்டத்துக்கு மேல் கூட்டை வைத்த வண்டி, உயரம்தான். எல்லாரும் இதைக் கார் மாதிரிக் கட்டிய குரோசோவர் என்கிறார்கள், அடியில் லொறி மாதிரி ஏணிச் சட்டம்தான் ஓடுகிறது.

இன்னொன்று. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிறது இன்ஜெக்டர். கைரோனில் இருப்பது டெல்பை கம்பனியின் இன்ஜெக்டர். பென்ஸ் தன் 611 எஞ்சினுக்குப் போட்டது பொஷ் கம்பனியுடையது. கழிவு டீசல் அடித்தால் இன்ஜெக்டர்தான் முதலில் கதை சொல்லும். வாங்குவதற்கு முன் ஸ்கான் பண்ணிப் பாருங்கள்.

வத்தளை வாத்தியார் (9.19)
பொஷ் இல்லை, டெல்பை! 150 சிசியும் இல்லை, பொஷ்ஷும் இல்லை. மிச்சம் என்ன பென்ஸ், மாமா? ஹோர்னா?

டீசல் மாமா (9.31)
தம்பி பஞ்சிகாவத்தை, பாதி படித்துவிட்டு எழுதக் கூடாது. பென்ஸ் 2008இல் இறக்கிய ஓஎம் 651இல் என்ன இன்ஜெக்டர் இருந்தது என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். டெல்பை! பென்ஸே டெல்பைக்கு வந்தது. அப்படியென்றால் யார் யாரைப் பார்த்துச் செய்தது?

எஞ்சின் இலக்கம் 664இல் தொடங்குகிறது. 611, 612, பிறகு 664, 665. யாருடைய வரிசை இது? டொயோட்டாவுடையதா?

பஞ்சிகாவத்தைப் பொடியன் (9.38)
மாமா, அந்த 651இன் ஆரம்ப இன்ஜெக்டர்கள் ஏகத்துக்குப் பழுதாகி, பென்ஸ் பிறகு மாற்றிக் கொடுத்தது. நீங்கள் காட்டும் உதாரணம் உங்களுக்கே அடிக்கிறது.

டீசல் மாமா (9.40)
பழுதானாலும் பென்ஸ் பென்ஸ்தான்.

ஸ்காபரோக்காரன் (9.52)
இங்கே கனடாவில் இருந்து வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. 17 வருடம் ஓடிய வண்டிக்கு 45 இலட்சமா? இங்கே அந்த வயசு வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் கொடுப்பார்கள். பேசாமல் ஒரு டொயோட்டா ஹைலண்டர் எடுங்கள், ஏழு பேர் போகலாம்.

டீசல் மாமா (10.04)
வந்துவிட்டார் கனடா. அண்ணை, உங்கள் நாட்டில் சங்யொங் விற்கவே இல்லை. கைரோனைப் படத்தில் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். அங்கே ஸ்டியரிங்கும் மற்றப் பக்கம். 2020இல் மூடிய இறக்குமதி தனியார் வாகனத்துக்குத் திறந்தது 2025இல். திறந்த பிறகு வரியைப் பார்த்தீர்களா? இங்கே பழைய வண்டி ஏன் பொன் விலை என்று ஸ்காபரோவில் இருந்து தெரியாது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் க்யூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். அந்த 20 லீற்றரில் நான் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் ஓடி, ஒரு மரணவீட்டுக்குச் சிலாபமும் போய் வந்தேன். எது ஓடியது? அதே பென்ஸ் எஞ்சின்.

ஸ்காபரோக்காரன் (10.09)
நானும் கொழும்பில் 22 வருடம் இருந்தவன். ஊரை விட்டால் மூளையும் விட்டுப்போகும் என்று நினைக்காதீர்கள்.

டீசல் மாமா (10.11)
நான் மூளை என்று எழுதவில்லை. நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள்.

வத்தளை வாத்தியார் (10.20)
பேச்சை மாற்ற வேண்டாம். 2148 கழித்தல் 1998. விடை 150. ஐந்து சிலிண்டர் 2.7ஐ எடுத்தாலும் கணக்கு ஒத்துவராது: பென்ஸ் 612 என்பது 2685, கைரோனின் 2.7 என்பது 2696. அதில் 11 சிசி கூட! ஒன்றில் குறைகிறது, மற்றதில் கூடுகிறது. சிலிண்டரின் விட்டம் பென்ஸில் 88 மில்லிமீற்றர், கைரோனில் 86.2. விட்டமே வேறு என்றால் எஞ்சினும் வேறுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

டீசல் மாமா (10.34)
சேருக்கு 86.2 தெரிகிறது, றம்பொடை வளைவு மறந்துவிட்டது. நான் நினைவுபடுத்துகிறேன். நுவரெலியாப் பயணம், ஐந்து வண்டி. வாத்தியாரின் கார் ஏற்றத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. மழை வேறு. அம்மணி குடையைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில். யார் கயிறு கட்டி மேலே இழுத்தது? அன்றைக்கு 150 சிசி குறைவாக இருக்கிறதே என்று சேர் கயிற்றைக் கழற்றவில்லையே?

வத்தளை வாத்தியார் (10.37)
கயிறு என்னுடையது.

டீசல் மாமா (10.38)
எஞ்சின் என்னுடையது. பென்ஸ்.

வத்தளை வாத்தியார் (10.41)
அன்றைக்கு வெடித்தது ஒரு தண்ணிக் குழாய். அதை இரண்டு வருடமாக ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லித் திரிவது என்ன பண்பு? உதவி செய்தவன் சொல்லிக் காட்டக் கூடாது என்று நம் பெரியவர்கள் படிப்பித்திருக்கிறார்கள்.

மட்டக்குளி தமிழ்ப்பித்தன் (10.49)
ஐயாமாரே, ஒரு வேண்டுகோள். இவ்வளவு நேரமும் எஞ்சின், இன்ஜெக்டர், ஸேஸி. தமிழில் சொற்கள் இல்லையா? பொறி என்று எழுதலாம். உட்செலுத்தி என்று எழுதலாம். வாத்தியாரே இப்படி எழுதினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

டீசல் மாமா (10.53)
பொறி என்றால் எங்கள் வீட்டில் எலி பிடிக்கிறது. பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடையில் போய் "உட்செலுத்தி ஒன்று தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்து மருந்துக் கடைக்கு அனுப்புவார்கள்.

மட்டக்குளி தமிழ்ப்பித்தன் (10.55)
இந்த இளக்காரத்தால்தான் மொழி இந்த நிலையில் இருக்கிறது.

வத்தளை வாத்தியார் (10.58)
சொல் விடயத்தில் பித்தன் சொல்வது நியாயம். ஆனால் நான் கணித ஆசிரியர், தமிழாசிரியர் இல்லை. என் கேள்வி 150.

தெகிவளை அக்கா (11.06)
கேற்றை அளந்தோம். 2 மீற்றரும் 10 சென்ரிமீற்றரும். கண்ணாடியை மடித்தால் போகும் என்கிறார் இவர். நாளை பின்னேரம் வண்டியைப் பார்க்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்? தயவுசெய்து பென்ஸ் வேண்டாம்.

பஞ்சிகாவத்தைப் பொடியன் (11.24)
அக்கா, பின்னேரம் போகாதீர்கள். காலையில் போங்கள். போனவுடன் ஒன்றும் பேசாமல் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விடயம். முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, நின்ற இடத்தில் உலுக்குகிறதா, புகை என்ன நிறம் என்று கவனியுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து ஊதுகிறதா என்றும் பாருங்கள். புகைப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள், போன வருடத்தையும் சேர்த்து.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். ஏதோ ஒரு கராஜில் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிக் கழுவி, இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். எது எந்த சிலிண்டரில் இருக்கிறதோ அந்தக் குறியீட்டை ஈசியூ என்ற எஞ்சின் கம்பியூட்டருக்குள் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வண்டி தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. அவர் எஞ்சினே போய்விட்டது என்று நினைத்து விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். குறியீட்டை அடித்த பிறகு சத்தம் பாதியாகிவிட்டது.

சாமான் பற்றி: சங்யொங்கின் அக்டியோனுக்கும் இதே 2.0 எஞ்சின்தான், அதனால் எஞ்சின் சாமான் தேடலாம். கண்ணாடி, விளக்கு, பம்பர்தான் பாடு. உற்பத்தி நின்று பத்து வருடத்துக்கு மேல். கம்பனியும் ஷங்காய், மகிந்திரா என்று கை மாறி, இப்போது கேஜி மொபிலிட்டி. புதுப் பெட்டியில் பழைய பெயரே இல்லை. ஒரு பின் விளக்கு உடைந்தால் ஒரு மாதம் டேப் ஒட்டிக்கொண்டு ஓட மனசைத் தயார் பண்ணுங்கள்.

தெகிவளை அக்கா (11.29)
நன்றி தம்பி. இதைத்தான் கேட்டேன்.

டீசல் மாமா (11.47)
பொடியன் சொன்னதில் ஒரு திருத்தம். கோளாறு வருவது இன்ஜெக்டரால் மட்டும் இல்லை. டேர்போவைக் கட்டுப்படுத்தும் வெக்யூம் மொடியுலேட்டர் பழுதானாலும் இழுவை போகும். அது எங்கிருந்து வந்த வேலைமுறை? பென்ஸ்! அக்கா, வண்டியை எடுங்கள். டைமிங் பெல்ற் மாற்றும் செலவு இல்லை, செயின். நகரத்தில் எனக்கு லீற்றருக்கு 8, யாழ்ப்பாணப் பாதையில் 12 கிடைக்கிறது. பின் பெட்டியில் நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு பாய், ஒரு காஸ் அடுப்பு, அரிசி மூட்டை, மச்சாளின் சூட்கேஸ் மூன்று, எல்லாம் போனது.

வாத்தியாருக்கு ஒரு படம் போடுகிறேன். என் வண்டியின் எண்ணெய் வடிகட்டிக்குப் பக்கத்தில் எடுத்தது. வட்டத்துக்குள் பென்ஸின் மூன்று கால் நட்சத்திரம் தெரிகிறதா?

வத்தளை வாத்தியார் (11.52)
தெரிவது உங்கள் பெருவிரல்.

பஞ்சிகாவத்தைப் பொடியன் (11.53)
மாமா, அந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது. நட்சத்திரத்தை விடுங்கள், சீலைப் பாருங்கள்.

டீசல் மாமா (11.55)
கசிவு இல்லை. போன கிழமை எண்ணெய் மாற்றினது, துடைக்கவில்லை.

ஸ்காபரோக்காரன் (நள்ளிரவு 12.02)
எனக்கும் பெருவிரல்தான் தெரிகிறது.

டீசல் மாமா (12.04)
கனடாவில் இப்போது பட்டப்பகல். வேலை இல்லையா?

மட்டக்குளி தமிழ்ப்பித்தன் (12.10)
"சீல்" என்பதற்கு "அடைப்பான்".

வத்தளை வாத்தியார் (12.15)
நட்சத்திரம் இருந்தால்கூட, அது ஒரு சாமானில் பொறித்த குறி. சட்டையில் முதலைப் படம் இருப்பதால் சட்டை முதலை ஆகாது. விட்டம் 86.2 என்பதை மாமா ஒப்புக்கொள்கிறாரா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல்.

டீசல் மாமா (12.21)
ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். பொனட்டைத் திறந்து வைக்கிறேன். பொடியனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நட்சத்திரத்தை நேரில் தொட்டுப் பார்க்கலாம்.

வத்தளை வாத்தியார் (12.24)
வருகிறேன். வேர்னியர் அளவுகோல் கொண்டு வருகிறேன். விட்டத்தை நானே அளக்கிறேன்.

பஞ்சிகாவத்தைப் பொடியன் (12.26)
சேர், சிலிண்டருக்கு மேல் மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றாமல் சிலிண்டர் விட்டத்தை எப்படி அளப்பது?

வத்தளை வாத்தியார் (12.28)
அப்படியென்றால் கழற்றட்டும். உண்மை பெரிதா, ஹெட் பெரிதா?

டீசல் மாமா (12.29)
என் ஹெட்டில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. 11 வருடமாக அதில் ஒரு நட் கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை? பென்ஸ்.

வத்தளை வாத்தியார் (12.31)
150.

தெகிவளை அக்கா (காலை 6.50)
பொனட் சூடாக இருந்தது.