திரை இருக்கிற கேமராவில் ‘மேனுவல்’ எடுக்கலாமா? ஞாயிறு நடைக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்து

கூபேர்சாலை_நடையன் (திங்கள், இரவு 9:10)

நம்ம புதுச்சேரி–கடலூர் ஞாயிறு போட்டோ நடைக்கு இருக்கிறது ஒரே விதி: மேனுவல் மட்டும். ஃபோகஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஷட்டர் வேகம் மூணும் கையால வைக்கணும். போன வாரம் பெரிய மார்க்கெட் வாசல்ல நான் பையிலிருந்து கேமராவை எடுத்ததும் ஒருத்தர், “இது டிஜிட்டல் ஆச்சே, இதுக்கு இங்க என்ன வேலை?”ன்னு கேட்டுட்டார். டீ ஆறிப்போற வரைக்கும் வாக்குவாதம். மிச்சத்தை இங்க பேசிடுவோம்.

என்னோடது லைக்கா எம் டைப் 240, செகண்ட் ஹேண்ட். சீட்டு எடுத்து வாங்கினேன், வீட்ல இன்னும் முழு விலையைச் சொல்லலை. இதுல ஆட்டோஃபோகஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பார்க்கிற ஜன்னல் லென்ஸ் வழியா போகாது, தனி. நடுவுல சின்னதா ஒரு வெளிச்சக் கட்டம், அதுக்குள்ள எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒண்ணாக்கினா ஃபோகஸ். இந்த வகைக்குப் பேர்தான் ரேஞ்ச்ஃபைண்டர். 1954ல வந்த லைக்கா ஃபில்ம் கேமரா எம்3யிலயும் இதே வேலைதான். ஃபில்ம் இருந்த இடத்துல சென்சார் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது மேனுவல் இல்லன்னா வேற எது மேனுவல்?

முதுநகர்_ஸ்டுடியோ (திங்கள், இரவு 9:48)

கேட்ட ஆள் நான்தான் தம்பி. சபையில கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்கோ. கேள்வியை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

கடலூர் முதுநகர்ல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டுடியோ வச்சிருந்தவன். மே மாசம் குழாயைத் திறந்தா தண்ணி வெந்நீர் மாதிரி கொட்டும். ஃபில்ம் கழுவுற மருந்து, டி-76 டெவலப்பர், 20 டிகிரி கேட்கும். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில கட்டி, தண்ணித் தொட்டியில மிதக்க விட்டு, அதுக்குள்ள டேங்கை இறக்கி வச்சு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கிட்டு நிப்போம். கொஞ்சம் அசந்தா ஃபில்ம் மேல பூசியிருக்கிற எமல்ஷன் இளகிடும். சூட்டுலயிருந்து சட்டுனு குளிருக்குப் போனா வெடிச்ச வயல் மாதிரி சுருக்கம் விழும். இத்தனையும் தாண்டி ஒரு படம் வந்தா அதுக்குப் பேர் கைவேலை.

நீ வளையத்தைத் திருப்புறே, ஒத்துக்கிறேன். அழுத்தின மறு நொடி குனிஞ்சு முதுகுத் திரையைப் பார்க்கிறியே, அங்கதான் எல்லாம் போச்சு. மார்க்கெட்ல மீன் வெட்டுற அம்மாவை நீ எத்தனை தடவை எடுத்தே? நான் எண்ணினேன். பதினேழு.

லாஸ்பேட்டை_லென்ஸ் (திங்கள், இரவு 10:05)

பதினேழா!! அண்ணா, அந்த அம்மா காசு கேட்காம விட்டதே பெரிசு 😄

நான் ஐயா பக்கம். தாத்தாவோட யாஷிகா எலக்ட்ரோ 35 வச்சிருக்கேன். ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனா சீட்டு எடுக்கத் தேவையில்ல. பழைய மெர்க்குரி பேட்டரி இப்ப கிடைக்காது, ஒரு அடாப்டர் போட்டு ஓட்டுறேன். ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணினா ஆயிரத்தைத் தாண்டிடுது. அதனாலேயே ஒவ்வொரு தடவையும் அழுத்துறதுக்கு முன்னாடி மூச்சு நிக்குது. அந்த பயம் மெமரி கார்டுல வராது.

கூபேர்சாலை_நடையன் (திங்கள், இரவு 10:31)

தங்கச்சி, நல்லா மாட்டினே. எலக்ட்ரோ 35ல ஷட்டர் வேகத்தை நீ வைக்கிறியா, கேமரா வைக்குதா?

லாஸ்பேட்டை_லென்ஸ் (திங்கள், இரவு 10:33)

…கேமரா.

கூபேர்சாலை_நடையன் (திங்கள், இரவு 10:40)

அதான். நீ அப்பர்ச்சரை வச்சா போதும், வேகத்தை அதுவே கணக்குப் போட்டுக்கும். பேட்டரியைக் கழட்டிட்டா 1/500ல மட்டும் அடிக்கும், வேற வேகமே கிடையாது. நம்ம விதிப்படி ஃபில்ம் போடுற உன் கேமரா பாதி ஆட்டோ, என் டிஜிட்டல் முழு மேனுவல். நடையை விட்டு வெளிய போக வேண்டியது யாரு? 😀

ஐயா, இருட்டறை இல்லாம கைவேலை இல்லன்னு சொல்றீங்க. 1950 ஏப்ரல்ல பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் லைக்காவோட நம்ம ஊருக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே டிசம்பர்ல அரவிந்தர் மறைஞ்சுட்டார். அந்த மனுஷன் தன் ஃபில்மைத் தானே கழுவினவர் இல்ல, பிரிண்ட் போட்டதும் வேற ஆளுங்க. இருட்டறையில அவருக்கு நாட்டமே கிடையாது. அவரையும் மரபுக் கணக்குலேர்ந்து எடுத்துடலாமா?

முகூர்த்தம்_போட்டோஸ் (செவ்வாய், காலை 6:20)

மண்டபத்துக்குக் கிளம்புற அவசரத்துல எழுதுறேன். நெல்லிக்குப்பம் பக்கம் வருஷம் பூரா கல்யாணம் எடுக்கிறவன் நான். மூணாவது முடிச்சு விழுறதுக்குள்ள ரெண்டு உருவத்தை ஒண்ணாக்கிக்கிட்டு நின்னா பொண்ணு வீட்டார் என்னையே ரெண்டாக்கிடுவாங்க. என் கேமரா கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணுது, எனக்கு அது போதும். உங்களுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு வயித்துப்பாடு. லைக்கா விலையைக் கேட்டா அந்தக் காசுக்கு ரெண்டு கேமரா பாடி, மூணு லென்ஸ், ஒரு டிரோன் வரும். பணக்கார வைராக்கியம்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க.

முதுநகர்_ஸ்டுடியோ (செவ்வாய், காலை 11:15)

முகூர்த்தம் தம்பி சொல்றதுல பாதி சரி. நாங்களும் அந்தக் காலத்துல கையில இருந்ததுலயே வேகமானதைத்தான் வச்சு எடுத்தோம். தாலி கட்டும்போது யாரும் தத்துவம் பேசல.

நடையன் தம்பிக்கு வர்றேன். பிரெசோன் கழுவல, சரி. எடுத்தது என்னன்னு அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தெரியுமா? தெரியாது. அந்த தெரியாத நேரம்தான் என் பேச்சு.

ஒரு கதை சொல்றேன். சித்தப்பா மகளுக்குத் திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாணம். புதுசா ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கியிருந்தேன். தனி ஜன்னல்ல எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஃபோகஸ் பிரமாதம், பிரேம் பிரமாதம். ராத்திரி கழுவி ஈரத்தோட தூக்கிப் பார்த்தா ரோல் பூரா கண்ணாடி மாதிரி வெறிச்சுனு இருக்கு. லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்ல. முப்பத்தாறும் போச்சு. சித்தப்பா மூணு வருஷம் பேசல.

அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் கண்ணுக்குத் தூக்குறதுக்கு முன்னாடி என் விரல் தன்னால லென்ஸ் முன்னாடி போய்த் தடவிட்டு வரும். உன் கேமராவுல அதே தப்பு நடந்தா ஒரே ஒரு கறுப்புப் படம் திரையில வரும். “அடடா”ன்னு கழட்டிட்டு அடுத்ததை எடுப்பே. விரலுக்கு எதுவும் பதியாது.

கூபேர்சாலை_நடையன் (செவ்வாய், இரவு 8:50)

கதை சூப்பர் ஐயா. ஆனா சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணப் படம் இல்லாம போனதுதான் அந்தப் பாடத்துக்கு ஃபீஸ். அதைக் கட்டினது நீங்க இல்ல, அவங்க.

என் பக்கத்தையும் ஒண்ணு சொல்றேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில நின்னேன். ஊர் ஊரா சாமி வந்து இறங்குது. கூட்டம் முதுகுல கை வச்சுத் தள்ளுது. கட்டத்துக்குள்ள உருவத்தைச் சேர்க்க நேரமே இல்ல. 35 மில்லி லென்ஸ், அப்பர்ச்சர் எஃப்8, தூரத்தை 3 மீட்டர்ல நிறுத்திட்டேன். கணக்குப்படி ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேயிருந்து ஏழு மீட்டர் வரைக்கும் தெளிவா விழும். அப்புறம் ஃபோகஸைத் தொடவே இல்ல, கால்தான் ஃபோகஸ். பல்லக்கு தோள்லேர்ந்து இறங்குற அந்த அரை நொடிக்கு நான் ரெண்டடி பின்வாங்கினேன், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் எனக்கு ஃபில்ம்ல வரல, டிஜிட்டல்லதான் வந்தது. அன்னிக்கே வீட்டுக்கு வந்து எது சரி, எது பிசகுன்னு பார்த்ததாலதான் தூரம் கண்ணுல ஏறுச்சு. ரோல் கழுவி வர ரெண்டு வாரம் ஆகியிருந்தா எங்க நின்னேன், எவ்வளவு வச்சேன்னே மறந்திருப்பேன்.

லாஸ்பேட்டை_லென்ஸ் (செவ்வாய், இரவு 9:22)

ஒரு சின்னத் திருத்தம் அண்ணா. அந்த ரெண்டு-ஏழு மீட்டர் கணக்கு ஃபில்ம் காலத்து அளவு, சாதாரண பிரிண்ட்டை மனசுல வச்சுப் போட்டது. உங்க 24 மெகாபிக்சலைக் கம்ப்யூட்டர்ல நூறு சதவீதத்துக்குப் பெரிசாக்கிப் பார்த்தா ஏழு மீட்டர்ல இருக்கிறவர் முகம் சோப்பு போட்ட மாதிரி இருக்கும். 2022ல வந்த லைக்கா எம்11 மாதிரி 60 மெகாபிக்சல்னா கேட்கவே வேணாம்.

இன்னொண்ணு வெளிச்சம். நெகட்டிவ் ஃபில்ம்ல கொஞ்சம் கூடுதலா விட்டாலும் தாங்கும், அதனால நான் நிழலுக்கு அளந்து வைப்பேன். டிஜிட்டல்ல வெள்ளை ஒருதடவை எரிஞ்சுட்டா எரிஞ்சதுதான். ரோமன் ரோலண்ட் வீதியில மதியம் 12 மணிக்கு வெள்ளைச் சுவரும் மர நிழலும் ஒரே பிரேம்ல வந்தா நீங்க சுவருக்கு அளக்கணும், நான் நிழலுக்கு அளக்கணும். கேமரா ஒரே மாதிரி இருந்தாலும் கை கத்துக்கிறது நேர் எதிர். அப்ப “ஃபில்ம் இடத்துல சென்சார், அவ்வளவுதான்”னு எப்படிச் சொல்றீங்க?

(யாஷிகா விஷயத்துல தோத்ததுக்கு இது பதிலடி.)

ஃபங்கஸ்_வைத்தியன் (செவ்வாய், இரவு 10:10)

லென்ஸ் பிரிச்சுத் துடைக்கிறதுதான் என் தொழில். நம்ம கடற்கரைக் காத்துக்கு ஃபில்ம், டிஜிட்டல்னு பேதம் கிடையாது. பீரோவுல துணியோட துணியா வச்ச லென்ஸ் எல்லாத்துலயும் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க, தோல் உறையில வைக்காதீங்க. அதுதான் பூஞ்சைக்கு மெத்தை.

ரேஞ்ச்ஃபைண்டர்காரங்களுக்கு ஒண்ணு. இடிபட்டா அந்த ரெண்டு உருவக் கணக்கு நகர்ந்துடும். லென்ஸை இன்ஃபினிட்டியில, அதாவது தூரக் கடைசிக் குறியில வச்சு தூரத்துல எதையாவது பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். போன மாசம் ஒருத்தர் கடலும் வானமும் சேர்ற கோட்டை வச்சே சோதிச்சுட்டு “சரியா இருக்கு”ன்னார். படுக்கைக் கோட்டுல எப்படித் தெரியும்? உருவம் பக்கவாட்டுல நகர்றது. கலங்கரை விளக்கம், படகுக் கொடிமரம்னு நிக்கிற பொருளைப் பாருங்க.

முகூர்த்தம்_போட்டோஸ் (புதன், மதியம் 2:40)

திரைதான் பிரச்சினைன்னா திரையே இல்லாத டிஜிட்டலும் விக்கிறானே? பந்திக்கு நடுவுல தேடிப் பார்த்தேன். லைக்கா எம்-டி 2016, எம்10-டி 2018. திரையை எடுத்துட்டானுங்க. திரையுள்ளதைவிடச் சல்லிசா இருக்கும்னு பார்த்தேன். ம்ஹூம். இல்லாத பொருளுக்கும் காசு வாங்குறவன் இந்த உலகத்துல இவன் ஒருத்தன்தான்.

முதுநகர்_ஸ்டுடியோ (புதன், மாலை 5:30)

எம்10-டி படத்தைப் பேரன் காட்டினான். ஃபில்ம் நகர்த்துற நெம்புகோல் மாதிரியே ஒண்ணு வச்சிருக்கான். இழுத்துப் பார்த்தா எதையும் நகர்த்தாதாம், கட்டைவிரல் சாய்ச்சுக்கவாம். இதைத்தான் வேஷம்னு சொல்றேன். கட்டபொம்மன் நாடகத்துல அட்டைக் கத்தி மாதிரி.

கூபேர்சாலை_நடையன் (புதன், இரவு 9:05)

அந்த நெம்புகோலுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா முதல்ல வந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரைப் பாருங்க, 2004ல எப்சன் போட்ட ஆர்-டி1. ஆறே மெகாபிக்சல். அதுல நெம்புகோலை இழுத்தாத்தான் ஷட்டர் ஏறும், இழுக்கலைன்னா அழுத்த முடியாது. மேல கடிகாரம் மாதிரி முள், எத்தனை படம் மிச்சம்னு காட்டும். திரையைத் திருப்பி உள்பக்கமா மூடிடலாம். டிஜிட்டல்னாலே அட்டைக் கத்தி இல்ல ஐயா.

தங்கச்சி சொன்ன வெள்ளைச் சுவர் பாயிண்ட்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. அது சரி. “அவ்வளவுதான்”ங்கிற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கிறேன்.

பதினேழும் உண்மைதான். நேத்து ராத்திரி அந்தப் பதினேழையும் வரிசையாப் பார்த்தேன். ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. கத்தி மேல போகுது, அந்த அம்மா வாடிக்கைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. மூணாவதுலேர்ந்து என்னைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

முதுநகர்_ஸ்டுடியோ (புதன், இரவு 9:40)

ரெண்டாவதை இங்க போடு தம்பி. பார்க்கணும்.

ஞாயிறு நடைக்கு வா. நான் தடுக்க மாட்டேன், ஆனா நிபந்தனை உண்டு. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்குற வேகம்) 400ல வச்சு அதைத் தொடக்கூடாது, எனக்கு ரோல் மாத்துற வரைக்கும் அதே 400தானே. முதுகுத் திரையில இன்சுலேஷன் டேப். முப்பத்தாறு படம், அதோட நிறுத்து. முடிஞ்சதும் மெமரி கார்டு என் சட்டைப் பையில. நான் என் ரோலைக் கழுவிக் காயவச்ச பிறகுதான் உன் கையில வரும். ஒரு வாரமும் ஆகலாம், ஐஸ் கிடைக்கிறதைப் பொறுத்தது.

கூபேர்சாலை_நடையன் (புதன், இரவு 9:52)

சம்மதம். பதிலுக்கு நீங்களும் ஒண்ணு செய்யணும். மார்க்கெட்ல ஒரு மணி நேரம் என் கேமராவுல எடுங்க, டேப் இல்லாம. குனிஞ்சு பார்க்காம இருக்க முடியுதான்னு பார்ப்போம்.

முதுநகர்_ஸ்டுடியோ (புதன், இரவு 9:53)

கொண்டா.

லாஸ்பேட்டை_லென்ஸ் (புதன், இரவு 9:58)

ஐயா எத்தனை தடவை குனியறார்னு நான் எண்ணுறேன். காலை 6 மணி, பெரிய மார்க்கெட், மீன் பக்கம். அண்ணா, லென்ஸ் மூடி.

முகூர்த்தம்_போட்டோஸ் (புதன், இரவு 11:30)

ஞாயிறு ரெண்டு முகூர்த்தம் இருக்கு, வர முடியாது. ஐயா குனியற போட்டோவை யாராவது ஆட்டோஃபோகஸ்ல எடுத்துப் போடுங்க.