புதுப்பிப்பு: வெயில் தாங்கும் ரோஜாவை நாமே உருவாக்கலாமா?

மதுரை வெயிலில் சுணங்காத ரோஜாவை வீட்டிலேயே கலப்பினம் செய்து எடுக்க முடியுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். புது ரோஜா வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கிய கொடைக்கானல் வீரராகவன் - கிரிஜா தம்பதியின் வேலையைப் படிக்கச் சொன்னீர்கள். படித்ததில் வழி பிடிபட்டது.

நாம் வாங்கும் ஹைப்ரிட் டீ (பெரிய பூ விடும் நவீனத் தோட்ட ரோஜா) வகைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றையே ஒன்றோடொன்று கலந்தால் வெயில் தாங்கும் குணம் எங்கிருந்து வரும்? அதனால்தான் அந்தத் தம்பதி இரண்டு காட்டு ரோஜாக்களைத் தேடிப் போனார்கள். ஒன்று, மணிப்பூர் மலைகளில் மரமேறிப் படரும் ரோசா ஜிகான்டியா. இன்னொன்று ரோசா கிளைனோஃபில்லா. ஆற்றோரத்தில் மழைக்கால வெள்ளம் சூழ்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், ஜிகான்டியா வருடத்தில் ஒரு பருவம்தான் பூக்கும். தொடர்ந்து பூக்கும் குணம் மரபில் ஒடுங்குபண்பு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே முதல் தலைமுறை நாற்றும் பெரும்பாலும் ஒரு பருவத்தோடு நிறுத்திக்கொள்ளும். மறுபடி தோட்ட ரோஜாவோடு கலக்க வேண்டும். குரோமோசோம் கணக்கு வேறு இருக்கிறது: காட்டுச்செடிக்கு 14, ஹைப்ரிட் டீக்குப் பெரும்பாலும் 28. பிள்ளைக்கு 21 வந்துவிட்டால் அதில் காய் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதனால் காட்டுச்செடியோடு கலக்க, 14 உள்ள பழைய டீ ரோஜாக்களை (ஹைப்ரிட் டீக்கு முன்னோடிகள்) தேடுகிறேன்.

சரி, என் மாடி நிலவரம்: ஏற்கெனவே இருந்த செடிகளில் மகரந்தம் தடவிப் பழகினேன். சில காய்கள் ஆரஞ்சு நிறம் கட்டிவிட்டன. குளிர் பட்டால் முளைக்கும் என்பதால் விதையை ஈரமணலில் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கப் போகிறேன் (வீட்டில் எதிர்ப்பு உண்டு). யாரிடமாவது பழைய டீ ரோஜா இருந்தால் ஒரு குச்சி அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.