பொன்னியின் செல்வன்: சுருக்கப் பதிப்பு வாங்கிக் கொடுக்கலாமா?

ஓசூர்_அம்மா:
மகள் எட்டாம் வகுப்பு, ஆங்கில வழி. மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் பார்த்ததிலிருந்து பொன்னியின் செல்வன் படிக்க வேண்டும் என்று நச்சரிக்கிறாள். ஐந்து பாகங்களையும் எடுத்துக் காட்டினேன், முகம் வாடிவிட்டது. அதே கடையில் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகச் சுருக்கிய பதிப்பும் இருந்தது. வாங்கலாமா? தமிழ் ஓரளவு சரளமாகவே வாசிப்பாள். பாடத்துக்காக இல்லாமல் அவளாக ஆசைப்பட்டுக் கேட்கும் முதல் தமிழ்ப் புத்தகம் இது. அதை நான் கெடுத்துவிடக் கூடாது.

கொள்ளிடம்:
வாங்காதீர்கள் சகோதரி. கதை என்ன என்பது படம் பார்த்த பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். சுருக்கத்தில் கிடைப்பதும் அதே கதைதான். படத்தில் இல்லாதது எதுவோ அதற்காகத்தானே புத்தகம்?

முதல் பாகத்தின் தொடக்கத்தையே பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். அவசரமே இல்லை. ஏரியைப் பார்க்கிறான், சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்த ஜனங்களைப் பார்க்கிறான். கொஞ்ச தூரம் போனால் வைஷ்ணவனான ஆழ்வார்க்கடியான் ஒரு சைவரோடும் ஓர் அத்வைதியோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். சுருக்குகிறவர் முதலில் கை வைப்பது இங்கேதான், ஏனென்றால் ‘கதை நகரவில்லை’. எனக்கோ அந்த ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அந்தப் பக்கங்களில்தான்.

திண்ணை_வாசகர்:
கொள்ளிடம் சார், நீங்கள் சொல்வது நாற்பது வயதில் மறுபடி படிக்கிறவருக்குப் பொருந்தும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு 293 அத்தியாயங்கள் என்பது மலை. ஐந்தாம் பாகத்தில் மட்டுமே 91.

இது எப்படி வந்த கதை என்பதையும் பார்க்க வேண்டும். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. போன மாதம் படித்தது மறந்துபோயிருக்கும் என்பதால் ஆசிரியர் முன்கதையை அடிக்கடி நினைவூட்டுவார். ஒருவனை ஆபத்தில் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது பழையதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அடுத்த இதழுக்குக் காத்திருந்த வாசகருக்கு அது தேவை. புத்தகமாக மொத்தமாகக் கையில் வைத்திருப்பவருக்கு எதற்கு? அதை எடுத்தால் கல்கி ஒன்றும் குறைந்துபோக மாட்டார்.

இன்னொன்று. அதே கல்கி பத்திரிகையில்தான் ராஜாஜி மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்று சுருக்கி எழுதினார். எத்தனை வீடுகளில் பிள்ளைகள் பாரதத்தை அதில்தான் முதலில் படித்தார்கள்! அது பாவம் என்று யாராவது சொன்னார்களா?

கொள்ளிடம்:
முன்கதை நினைவூட்டலை மட்டும் எடுத்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை மட்டும் எடுத்து ஐந்து பாகத்தை ஒரு பாகமாக ஆக்க முடியாது. மீதி எங்கிருந்து வெட்டுகிறார்கள்?

நான் புரட்டிப் பார்த்த ஒரு சுருக்கத்தில் (பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்) கடம்பூர் மாளிகைக் குரவைக் கூத்தும் அதன் பின் வரும் வேலனாட்டமும் இரண்டே வரி. ‘அன்று இரவு ஆடல் பாடல் நடந்தது’ என்ற அளவில் முடிந்துவிட்டது. மூலத்தில் வேலனாட்டம் ஆடிச் சன்னதம் வந்த தேவராளன் ராஜவம்சத்து இரத்தத்தைப் பலியாகக் கேட்கிறான். பார்த்துக்கொண்டிருக்கிற விருந்தாளிகளின் முகம் மாறுகிறது. பின்னால் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாவது அதே கடம்பூர் மாளிகையில். விதையைப் பிடுங்கிவிட்டு மரத்தை மட்டும் நட்டால் எப்படி?

சேந்தன் அமுதனும் அப்படித்தான். பூக்கூடையோடு தளிக்குளத்தார் கோயிலுக்குப் போகும் ஒரு சாது, கதைக்கு என்ன அவசியம் என்று அவன் காட்சிகளைக் குறைத்துவிடுவார்கள். கடைசிப் பாகம் படித்தவர்களுக்கு அந்த அவசியம் தெரியும். மேலே சொன்னால் சுவை போய்விடும்.

ராஜாஜி பாரதத்தை வெட்டவில்லை. தன் சொந்த நடையில் முதலிலிருந்து எழுதினார், தன் பெயரைப் போட்டார். நீங்கள் சொல்லும் சுருக்கங்களில் பலவற்றில் யார் சுருக்கினார் என்றே இருக்காது. 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மலிவுப் பதிப்புகள் வந்து பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது நல்ல விஷயம். கூடவே கத்தரிக்கோலும் யார் கைக்கும் போய்விட்டது.

நடுப்பக்கம்:
எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் உடன்பாடு இல்லை. படிக்கத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் ஏன் இந்த ஒரே புத்தகத்தைக் கொடுக்கிறோம்? பெரிய புத்தகத்தை வெட்டிக் கொடுப்பதைவிடச் சின்னப் புத்தகத்தை முழுசாகக் கொடுக்கலாம். நான் இப்போது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற தெரு. ஒல்லியான புத்தகம், ஒரு வரியும் வெட்ட முடியாது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இன்னொன்று, தாத்தா பாட்டி உட்கார்ந்து சொல்கிற மாதிரியே போகும். ஒரு நாவலை முடித்தோம் என்ற நிறைவு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

திண்ணை_வாசகர்:
தோழர், அந்தப் பெண் கேட்டது குந்தவையையும் நந்தினியையும். நீங்கள் கையில் குடத்தைக் கொடுக்கிறீர்கள். ‘தண்ணீர்’ எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் ஜமுனாவின் சோர்வு எட்டாம் வகுப்பில் எட்டாது. ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுத்தால்தான் அடுத்த புத்தகத்தைக் கேட்பாள்.

நடுப்பக்கம்:
சரி, ‘தண்ணீர்’ அவளுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ‘கோபல்ல கிராமம்’ பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.

செம்பருத்தி:
பெண்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். மணிமேகலை என்று ஒரு பெண் இருக்கிறாள், கடம்பூர் இளவரசன் கந்தமாறனின் தங்கை. படத்தில் அவளே கிடையாது. புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அவளுடையது. இத்தனை ராஜாக்களையும் சதிகளையும் கிரீடத்தையும் எழுதிவிட்டு, முடிக்கும்போது கல்கி போய் நிற்பது இந்தப் பெண்ணிடம். சுருக்கத்தில் அவளைத் துணைப் பாத்திரம் என்று ஓரம் கட்டினால் அந்த முடிவு வராது, வந்தாலும் யாருக்காக அழுகிறோம் என்று தெரியாது. கோடிக்கரையில் படகோட்டிப் பாடும் பூங்குழலியும் அப்படியே. அவள் தனியாகக் கடலில் இருக்கும் பக்கங்களில் கதை நகராது, அவள் யார் என்பது மட்டும் தெரியும். பதின்மூன்று வயதுப் பெண் படிக்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஓசூர் அக்கா, ஐந்தையும் ஒன்றாக அடுக்கிக் காட்டாதீர்கள். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ மட்டும் மேசையில் இருக்கட்டும். மாவட்ட நூலகத்தில் எடுத்தால் செலவும் இல்லை. மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழுப் பாடமும் இலவசமாக இருக்கிறது, ஆனால் இந்த வயதுக்குத் தாளில் படிப்பதுதான் நல்லது. முடிந்தால் மணியம் வரைந்த படங்களோடு உள்ள பதிப்பாகப் பாருங்கள். பழுவேட்டரையரின் மீசையை அவர் வரைந்திருப்பதைப் பார்த்தாலே பாதி அச்சம் வந்துவிடும்.

ஓசூர்_அம்மா:
அனைவருக்கும் நன்றி. மணிமேகலை விஷயத்தை அவளிடம் சொல்ல மாட்டேன். ‘புது வெள்ளம்’ நூலகத்தில் இருக்கிறதாம், சனிக்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு போய் எடுக்கிறேன். 57 அத்தியாயம், இரவில் ஆளுக்கு ஒன்று மாற்றி மாற்றிச் சத்தமாகப் படிக்கலாமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டாள். ஆழ்வார்க்கடியான் சண்டை அவள் பங்கில் வர வேண்டுமாம். ‘கோபல்ல கிராமம்’ எனக்கு.

திண்ணை_வாசகர்:
நல்லது அம்மா. ஆனாலும் நான் சொன்னதிலிருந்து இறங்கவில்லை. முதல் பாகம் பாதியில் நின்றுவிட்டால் அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அப்போது சுருக்கம் வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது கடையிலேயே மூன்றைப் பாருங்கள்: சுருக்கியவர் பெயர் உள்ளே இருக்கிறதா, எதை விட்டேன் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறாரா, கடம்பூர் வேலனாட்டத்துக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார். மூன்றாவது இரண்டு வரியாக இருந்தால் கொள்ளிடம் சார் சொல்கிற அதே புத்தகம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.